இலவசமாக வந்த நால்வர்: பிஎஸ்ஜியின் 2021 கோடை ஒப்பந்தங்கள் பலன் தந்தனவா?

2021 கோடையில் பாரிஸ் சாங்-ஜெர்மான், அதாவது பிஎஸ்ஜி, நான்கு பெரிய வீரர்களை ட்ரான்ஸ்ஃபர் கட்டணம் இல்லாமல் எடுத்தது. லிவர்பூலில் ஒப்பந்தம் முடிந்த வைனால்டம், ரியல் மாட்ரிட்டின் செர்ஜியோ ராமோஸ், ஏசி மிலானின் கோல்கீப்பர் டோனரும்மா, கடைசியாக ஆகஸ்ட் 10 அன்று பார்சிலோனாவின் மெஸ்ஸி. இவர்களுக்குக் கொட்டிய பணத்துக்குப் பலன் கிடைத்ததா என்பதுதான் கேள்வி. "கட்டணமே கொடுக்கவில்லை, மெஸ்ஸி ஜெர்சி விற்றே எடுத்துவிட்டார்கள்" என்று ஒரு தரப்பு சொல்கிறது. "நாலு பேரும் ஃப்ளாப்" என்று இன்னொரு தரப்பு. இரண்டையும் நான் ஏற்கவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டோனரும்மா வாங்கியதற்கு மேலேயே திருப்பிக் கொடுத்தார். ராமோஸ் ஒரு சீசனை வீணாக்கி, அடுத்த சீசனில் பாதியை ஈடு செய்தார். வைனால்டம் முழு நஷ்டம். மெஸ்ஸியைப் பற்றி ஒரு வரியில் தீர்ப்பு சொல்ல முடியாது. அவர் நன்றாக ஆடினார், ஆனால் அவரை எடுத்த முடிவு அணியைக் கெடுத்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் இந்த விவாதம் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

முதலில் "இலவசம்" என்ற பேச்சு. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் தீர்ப்பளித்தது. லியேஜ் கிளப்பில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் டன்கெர்க்குக்குப் போக முடியாமல் தடுக்கப்பட்ட பெல்ஜிய வீரர் அவர். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒப்பந்தம் முடிந்த வீரருக்குப் பழைய கிளப் கட்டணம் கேட்க முடியாது. ஆனால் அந்தக் கட்டணம் மாயமாய் மறைந்துவிடவில்லை. கையெழுத்துத் தொகையாக, ஏஜென்ட் கமிஷனாக, வழக்கத்தைவிடப் பெரிய சம்பளமாக அது வீரரின் பக்கம் போகிறது. பழைய கிளப்புக்குப் போகவேண்டியது வீரரின் வீட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

கணக்கு எழுதும் முறையிலும் வித்தியாசம் உண்டு. அதே கோடையில் பிஎஸ்ஜி அஷ்ரஃப் ஹகீமியை இன்டர் மிலானிடமிருந்து சுமார் 60 மில்லியன் யூரோவுக்கு வாங்கியது. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்பதால் கணக்கில் ஆண்டுக்கு 12 மில்லியன் வீதம் பிரித்து எழுதலாம். நடுவில் விற்றால் பணம் திரும்பும். மெஸ்ஸியின் சம்பளம் வரி போக ஆண்டுக்கு 30 மில்லியன் யூரோவுக்கு மேல் என்று அப்போது செய்திகள் வந்தன. வரியும், பிரான்ஸில் முதலாளி கட்டவேண்டிய சமூகப் பாதுகாப்புத் தொகையும் சேர்ந்தால் கிளப்பின் கையிலிருந்து போவது அதைவிட மிகப் பெரிது. அத்தனையும் அந்தந்த ஆண்டின் செலவு. 34 வயதுக்காரரை மறுபடி விற்றுக் காசாக்கவும் வழியில்லை.

அந்த 2021-22 சீசனின் கணக்கைப் பாருங்கள். பிஎஸ்ஜியின் வருமானம் சுமார் 654 மில்லியன் யூரோ. சம்பளச் செலவு மட்டும் 728 மில்லியன். அதாவது டிக்கெட், டிவி, ஸ்பான்சர் என்று வந்த மொத்தத்தையும் கொடுத்தாலும் சம்பளத்துக்கே போதவில்லை. நஷ்டம் 368 மில்லியனைத் தாண்டியது. 2022 செப்டம்பரில் ஐரோப்பியக் கால்பந்தை நிர்வகிக்கும் யுஇஎஃப்ஏ, நிதி விதிகளை மீறியதற்காக 65 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது, அதில் 10 மில்லியனை உடனே கட்டவேண்டும், மீதி நிபந்தனையோடு நிறுத்திவைப்பு. இதற்கு இந்த நால்வர் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், நெய்மாரும் எம்பாப்பேயும் அதே சம்பளப் பட்டியலில்தான் இருந்தார்கள். ஆனால் "ஃப்ரீயாகத்தானே வந்தார்கள்" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களைக் காட்டினால் போதும்.

ஜெர்சி கதைக்கும் வருவோம். ஜெர்சியைத் தயாரித்து விற்பது நைக் மாதிரியான நிறுவனம். கிளப்புக்கு ஆண்டுக்கு ஒரு நிலையான தொகையும் விற்பனையில் ஒரு சிறு பங்கும்தான் வரும். கடையில் விற்கும் விலை முழுவதும் கிளப்புக்குப் போவதில்லை. மெஸ்ஸியால் புது ஸ்பான்சர்கள் வந்தார்கள் என்பது உண்மை. அவருடைய வரவேற்புத் தொகையில் ஒரு பகுதியையே கிளப்பின் ஃபேன் டோக்கனாக, அதாவது ரசிகர்களுக்கு விற்கும் கிரிப்டோ டோக்கனாகக் கொடுத்தார்கள், அந்த அளவுக்கு அவர் பெயர் விற்றது. ஆனால் 2022-23-இல் சுமார் 802 மில்லியனாக இருந்த வருமானம், மெஸ்ஸியும் நெய்மாரும் போன பிறகு 2023-24-இல் 806 மில்லியன். ஒருவர் பெயரை நம்பி ஓடும் வியாபாரம் என்றால் அந்தப் பெயர் போனதும் சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை.

இனி மைதானம். வைனால்டத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 2019-இல் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி பார்சிலோனாவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்து மெஸ்ஸியின் கனவைக் கலைத்தவர் அவர். பாரிஸில் வெராட்டி, பரேடஸ், கெயே, எரேரா, டனிலோ என்று நடுக்களம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. அவர் எந்த வேலைக்கு வந்தார் என்பதற்கு கிளப்பிடமே தெளிவான பதில் இருந்ததாகத் தெரியவில்லை. 38 ஆட்டம், 3 கோல். அதில் இரண்டு லைப்ஸிக்குக்கு எதிரான ஒரே ஆட்டத்தில். அடுத்த ஆண்டு ரோமாவுக்கு லோனில், அதாவது தற்காலிகமாகப் போய், பயிற்சியில் கால் எலும்பு முறிந்தது. பிறகு சவூதி. திறமையில் குறையில்லாத ஒருவரைத் தேவையே இல்லாத இடத்தில் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ராமோஸின் காயம் யாருக்கும் தெரியாத ஆபத்து அல்ல. 2021 பிப்ரவரியில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்திருந்தார், ஸ்பெயின் யூரோ அணியிலேயே அவரைச் சேர்க்கவில்லை. ரியல் மாட்ரிட்டுக்கு அவரைவிட நன்றாக அவர் உடம்பைத் தெரியும். கெண்டைக்கால் காயத்தால் பிஎஸ்ஜிக்காக அவர் முதல் ஆட்டம் ஆடியதே நவம்பர் 28-இல்தான், செயின்ட் எட்டியனில். முதல் சீசனில் மொத்தம் 13 ஆட்டம். இரண்டாவது சீசனில் 45 ஆட்டம் ஆடினார், அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அவரை எடுத்ததே சாம்பியன்ஸ் லீக் நாக்அவுட்டில் ரியல் மாட்ரிட் மாதிரி ஓர் அணி வந்து அழுத்தும்போது பின்வரிசையை நிமிர்த்திப் பிடிக்கத்தான். 2022 மார்ச்சில் அதே ரியல் மாட்ரிட் வந்தது. ராமோஸ் களத்தில் இல்லை.

அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். இந்த மொத்த விவாதமும் அந்த ஒரு இரவில் அடங்கியிருக்கிறது.

இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டி முடிவாகும் சுற்று அது. பாரிஸில் நடந்த முதல் லெக்கில், அதாவது முதல் ஆட்டத்தில், பிஎஸ்ஜி 1-0. எம்பாப்பே கடைசி நொடிகளில் அடித்தது. அதே ஆட்டத்தில் மெஸ்ஸியின் பெனால்டியைக் கோர்ட்வா தடுத்திருந்தார். மார்ச் 9 அன்று ரியல் மாட்ரிட்டின் மைதானமான பெர்னபியூவில் எம்பாப்பே மறுபடி அடித்து, மொத்தக் கணக்கில் 2-0. அறுபது நிமிடம் வரை பிஎஸ்ஜி வசதியாக இருந்தது. 61-ஆவது நிமிடத்தில் பின்னால் வந்த பந்தை டோனரும்மா காலில் வைத்துக்கொண்டு ஒரு கணம் தாமதித்தார். பென்சிமா ஓடிவந்து நெருக்கினார். பந்து வினிசியஸிடம் போய், அங்கிருந்து பென்சிமாவுக்கே வந்து, கோல். ஃபவுல் என்று பிஎஸ்ஜி கத்தியது, ரெஃப்ரி கேட்கவில்லை. 76, 78-ஆவது நிமிடங்களில் இன்னும் இரண்டு. 3-1, மொத்தம் 3-2.

வெற்றிக் கொண்டாட்டத்தில் ஒரு வெள்ளை நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றவர் டேவிட் அலாபா. அவரும் அதே 2021 கோடையில் பயர்ன் மியூனிக்கிலிருந்து ஃப்ரீ ஏஜென்டாக, அதாவது ஒப்பந்தம் முடிந்து கட்டணமில்லாமல் வந்தவர்தான். ராமோஸ் விட்டுப்போன 4-ஆம் எண் ஜெர்சி அவரிடம் போயிருந்தது. ஒரே சந்தை, ஒரே கோடை, ஒரே விதமான ஒப்பந்தம். ரியல் மாட்ரிட் ராமோஸை விட்டு, அவர் இடத்துக்கு ஆறு வயது இளையவரை எடுத்தது. அந்த சீசன் சாம்பியன்ஸ் லீக்கும் அவர்களுக்கே. அடுத்த ஆண்டு ரூடிகரையும் செல்சியிலிருந்து அதே முறையில் எடுத்தார்கள், 2024 பைனலில் வென்ற தடுப்பாட்டத்தில் அவர்தான் தூண். அதனால் "ஃப்ரீ ஏஜென்ட் என்றாலே ஏமாற்று" என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. லெவண்டோவ்ஸ்கியை 2014-இல் பயர்ன் இப்படித்தான் எடுத்தது. பிர்லோவை 2011-இல் யுவென்டஸ் இப்படித்தான் எடுத்தது. முறையில் கோளாறு இல்லை.

மெஸ்ஸி. இவரைப் பற்றி எழுதும்போது நியாயமாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பாரிஸ் அவரிடம் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. 75 ஆட்டங்களில் 32 கோல், 30-க்கு மேற்பட்ட அசிஸ்ட். முதல் சீசனில் லீக்கில் வெறும் 6 கோல்தான், போஸ்ட்டில் பட்டுத் திரும்பிய பந்துகள் ஏராளம். இரண்டாவது சீசனில் லீக்கில் 16 கோல், 16 அசிஸ்ட். இரண்டு லீக் பட்டங்களையும் உறுதி செய்த ஆட்டங்களில் கோல் அடித்தது அவர்தான்: 2022-இல் லான்ஸுக்கு எதிராக, 2023-இல் ஸ்ட்ராஸ்பூரில். லீல் அணிக்கு எதிராக 95-ஆவது நிமிடத்தில் ஃப்ரீ கிக்கில் அடித்து 4-3 என்று ஜெயிக்க வைத்ததை யாரும் மறந்திருக்க முடியாது. இப்படி ஆடிய ஒருவரை "ஃப்ளாப்" என்று எழுதுகிறவர்கள் ஆட்டங்களைப் பார்க்கவில்லை என்றுதான் நினைப்பேன்.

ஆனால் அவரை பிரெஞ்சு லீக்கான லீக் 1 ஜெயிக்கவா எடுத்தார்கள்? அது அவர் வராமலும் பெரும்பாலான ஆண்டுகளில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. எடுத்தது சாம்பியன்ஸ் லீக்குக்கு. அங்கே இரண்டு சீசனிலும் ரவுண்ட் ஆஃப் 16-இலேயே வெளியே. நான்கு நாக்அவுட் ஆட்டங்களில் மெஸ்ஸி கோல் அடிக்கவில்லை. பிஎஸ்ஜி மொத்தமே இரண்டு கோல்தான் அடித்தது, இரண்டும் எம்பாப்பே. பிரெஞ்சுக் கோப்பையில் ஒருமுறை நீஸிடம் பெனால்டியில், இன்னொருமுறை மார்செய்யிடம் 2-1 என்று தோல்வி.

காரணம் அவர் காலில் இல்லை. பந்து எதிராளியிடம் இருக்கும்போது மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே மூவரும் பின்னால் ஓடிவரவில்லை. பந்து பறிபோன அடுத்த நொடியே, கோல்கீப்பர்களை விட்டுவிட்டால், ஏழு பேர் பத்து பேரை எதிர்த்து ஆடுகிற நிலை. பொசெட்டினோ பிரஸ்ஸிங்குக்கே, அதாவது எதிராளியை நெருக்கிப் பந்தைப் பறிக்கும் ஆட்டத்துக்கே பெயர்போன பயிற்சியாளர், அவராலேயே இதைச் சரிசெய்ய முடியவில்லை. அடுத்து வந்த கால்டியே மூன்று டிஃபெண்டர் வைத்துப் பார்த்தார், அதுவும் ஓடவில்லை. பார்சிலோனாவில் மெஸ்ஸி நடந்துகொண்டே களத்தைப் படிப்பதற்கு மற்ற ஒன்பது பேர் அவருக்காக ஓடினார்கள். பாரிஸில் அதே சலுகை இன்னும் இரண்டு பேருக்குத் தேவைப்பட்டது.

2021 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில் ஒரு காட்சி. மெஸ்ஸி பிஎஸ்ஜிக்காகத் தன் முதல் கோலை அடித்த அதே ஆட்டம். கடைசி நிமிடங்களில் சிட்டிக்கு ஒரு ஃப்ரீ கிக். சுவருக்குப் பின்னால், பந்து தரையோடு போகாமல் தடுக்க, மெஸ்ஸி புல்லில் படுத்தார். அந்த வேலையை அவர் செய்யத் தயாராக இருந்தார் என்பதை நான் மதிக்கிறேன். அவரிடம் மனம் இல்லாமல் போனதால் பிஎஸ்ஜி தோற்றது என்ற குற்றச்சாட்டு எனக்கு ஏற்புடையதல்ல. மாட்ரிட் தோல்விக்குப் பிறகு பிரெஞ்சு அணியான போர்டோவுக்கு (Bordeaux) எதிரான ஆட்டத்தில், சொந்த மைதானமான பார்க் டெ பிரின்ஸில், அவர் காலில் பந்து பட்டபோதெல்லாம் விசில் அடித்து அவமதித்தார்கள். லான்ஸ் ஆட்டத்தில் அவர் அடித்த கோலால் பட்டம் உறுதியானபோது, அல்ட்ராஸ் எனப்படும் தீவிர ரசிகர்கள் ஆட்டம் முடியும் முன்பே வெளியேறிவிட்டார்கள். கிளப் நிர்வாகத்தின் மேல் இருந்த கோபத்தை அவர்மேல் இறக்கினார்கள். 2023-இல் அனுமதியில்லாமல் சவூதி போனது அவருடைய தவறு, அதற்கு மன்னிப்பும் கேட்டார். ஜூன் 3 அன்று கிளெர்மோனிடம் 3-2 என்று தோற்ற கடைசி ஆட்டத்திலும் அவர் பெயரை அறிவித்தபோது கூச்சல்தான் எழுந்தது.

இதில் இன்னொரு கோணமும் இருக்கிறது. கிளப்பின் உரிமையாளர் கத்தார். 2022 டிசம்பர் 18 அன்று லுசைல் மைதானத்தில் உலகக் கோப்பை பைனலின் இரு பக்கமும் நட்சத்திரங்களாக நின்ற மெஸ்ஸியும் எம்பாப்பேயும் பிஎஸ்ஜி வீரர்கள். கத்தாருக்கு அதன் மதிப்பு யூரோவில் அளக்கக் கூடியதல்ல. உரிமையாளரின் கண்ணிலிருந்து பார்த்தால் மெஸ்ஸி ஒப்பந்தம் பலித்தது என்றே சொல்லலாம். ஆனால் நாம் பேசுவது ஒரு கால்பந்து அணியைப் பற்றி. பாரிஸ் ரசிகருக்கு லுசைலில் கிடைத்தது ஒன்றுமில்லை.

சரி, அந்தக் கோடையை வேறுவிதமாகப் பிரித்துப் பாருங்கள். வந்தபோது வயது: ராமோஸ் 35, மெஸ்ஸி 34, வைனால்டம் 30, டோனரும்மா 22. கட்டணம் கொடுத்து வந்த ஹகீமிக்கு 22. ஸ்போர்டிங்கிலிருந்து லோனில் வந்து பிறகு வாங்கப்பட்ட நூனோ மென்டெஸுக்கு 19. நான்கு ஆண்டு கழித்து, 2025 மே 31 அன்று மியூனிக்கில் இன்டரை 5-0 என்று நொறுக்கி பிஎஸ்ஜி முதல் சாம்பியன்ஸ் லீக்கை வென்றபோது களத்தில் இருந்தவர்கள் இந்தக் கடைசி மூவர். முதல் கோலை அடித்தது ஹகீமி. கட்டணம் கொடுத்தார்களா இல்லையா என்பது எதையும் தீர்மானிக்கவில்லை. வயதும், அணியில் அவருக்கென்று ஒரு வேலை காத்திருந்ததா என்பதும்தான் தீர்மானித்தன.

அந்த பைனலில் இன்டர் கோல்கீப்பர் சோமர் பந்தை வைக்கும் ஒவ்வொரு முறையும், பெட்டியின் விளிம்பில் டெம்பெலே குனிந்து, பாயத் தயாராக, கண்ணெடுக்காமல் அவரையே பார்த்து நின்றார். அணியின் பெரிய நட்சத்திரம், அந்த சீசனின் அதிக கோல் அடித்தவர், முதல் தடுப்பாட்டக்காரராக நிற்கிறார். பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே கட்டிய அணியின் சாரம் அதுதான். விட்டினா, பார்கோலா, ஜோவாவோ நெவஸ், டுவே, க்வராட்ஸ்கேலியா என்று அந்த அணிக்கும் நிறையப் பணம் போனது, மலிவான அணி என்று யாரும் ஏமாற வேண்டாம். ஆனால் அந்தப் பணம் இளம் கால்களுக்குப் போனது.

பிஎஸ்ஜி ரசிகர்களிடம் இதைப் பேசும்போது எனக்கு ஆற்றாமை வருவது ஒரு விஷயத்தில்தான். 2020 சாம்பியன்ஸ் லீக் பைனலில் லிஸ்பனில் பிஎஸ்ஜியைத் தோற்கடித்த ஒரே கோலை பயர்னுக்காக அடித்தவர் கிங்ஸ்லி கோமன். 2023 பிப்ரவரியில் பாரிஸில் பயர்ன் 1-0 என்று ஜெயித்தபோது அடித்தவரும் அவரே. பிஎஸ்ஜியின் சொந்த அகாடமியில் வளர்ந்து, 2014-இல் ஒப்பந்தம் முடிந்து, இலவசமாக யுவென்டஸுக்குப் போன பையன். மியூனிக்கில் நடந்த அடுத்த லெக்கில் வெராட்டியிடமிருந்து பந்து பறிபோய், கோரெட்ஸ்கா தள்ளிக் கொடுக்க, சூப்போ-மோடிங் அடித்தார். கோரெட்ஸ்காவை பயர்ன் ஷால்கேயிலிருந்து ஃப்ரீயாக எடுத்தது. சூப்போ-மோடிங்கை பிஎஸ்ஜியிலிருந்தே ஃப்ரீயாக எடுத்தது! 2020 காலிறுதியில் அட்டலாண்டாவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் அடித்து பிஎஸ்ஜியைக் காப்பாற்றியவர் அவர். குறைந்த சம்பளத்தில், எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் வந்து வேலையை முடித்துக்கொடுத்த அவரை விட்டுவிட்டு, ஓராண்டு கழித்து உலகத்தின் விலை உயர்ந்த "இலவச" வீரர்களை வரிசையாக நிறுத்தினார்கள்.

எம்பாப்பேயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 180 மில்லியனுக்கு வாங்கி, 2021 ஆகஸ்டில் ரியல் மாட்ரிட் பெருந்தொகையோடு வந்தபோது விற்க மறுத்து, கடைசியில் 2024-இல் ஒரு யூரோ கட்டணம் இல்லாமல் அதே ரியலுக்கே அனுப்பினார்கள்.

டோனரும்மா வாங்கியதற்கு மேலேயே திருப்பிக் கொடுத்தார் என்று சொன்னதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். அவர் வந்தபோது பிஎஸ்ஜியின் கோல்கீப்பராக இருந்த நவாஸ் அப்போதுதான் ஒப்பந்தத்தை நீட்டித்திருந்தார். முதல் சீசன் முழுக்க இருவரையும் மாற்றி மாற்றி ஆடவைத்து இருவரையுமே கெடுத்தார்கள். பெர்னபியூ பிழை அவருடையது. 2023-இல் கோமன் அடித்த பந்து அவர் உடம்புக்கு அடியில் நழுவித்தான் உள்ளே போனது. காலால் பந்தை ஆடுவதில் அவர் கடைசிவரை தடுமாறினார். ஆனால் 2025 மார்ச் 11-ஐப் பாருங்கள். ஆன்ஃபீல்டில் லிவர்பூலுக்கு எதிரான பெனால்டி ஷூட்அவுட். டார்வின் நூன்யெஸ் அடித்ததைத் தடுத்தார், கர்ட்டிஸ் ஜோன்ஸ் அடித்ததையும் தடுத்தார். பிஎஸ்ஜி 4-1. அங்கே தோற்றிருந்தால் மியூனிக் இல்லை. காலிறுதியில் ஆஸ்டன் வில்லா துரத்தியபோதும், அரையிறுதியில் ஆர்சனல் பாய்ந்தபோதும் அவர் கை இல்லாமல் அணி தாண்டியிருக்காது. 22 வயதில் எடுத்தவர் 26 வயதில் தந்த பலன் அது. காத்திருக்க நேரம் இருந்ததால் கிடைத்த பலன்.

அதன் பிறகு கிளப் அவரிடம் நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. 2025 ஆகஸ்டில் லீலிலிருந்து லூகாஸ் ஷெவாலியேவை வாங்கி, சூப்பர் கோப்பை அணியிலேயே டோனரும்மாவின் பெயரை விட்டுவிட்டார்கள். அணியை முதல் சாம்பியன்ஸ் லீக்குக்குக் கொண்டுபோனவரை இன்னும் மரியாதையாக வழியனுப்பியிருக்கலாம். ஆனால் கணக்கு சரி. அவருடைய ஒப்பந்தம் 2026-இல் முடிய இருந்தது, புதுப்பிக்கும் பேச்சு முறிந்திருந்தது. இன்னும் ஓராண்டு வைத்திருந்தால் அவரும் எம்பாப்பே போன வழியில் போயிருப்பார். செப்டம்பர் தொடக்கத்தில் சுமார் 30 மில்லியன் யூரோவுக்கு மான்செஸ்டர் சிட்டிக்கு விற்றார்கள். கட்டணம் இல்லாமல் வந்த நால்வரில் போகும்போது பிஎஸ்ஜிக்குப் பெரிய தொகை கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான். அதே மாதம் 22-ஆம் தேதி உலகின் சிறந்த கோல்கீப்பருக்கான யாஷின் விருதைப் பாரிஸில் மேடையேறி வாங்கினார், அப்போது அவர் சிட்டி வீரர்.